பதினாலு மாடிக்காரர்: எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்

அறுபது, எழுபதுகளில் நம்ம பக்கத்திலிருந்து மெட்ராஸ் போய் வந்தவர்களிடம் ஊர்க்காரர்கள் மூன்றே மூன்று சங்கதிதான் விசாரிப்பார்கள். பீச், செத்த காலேஜ் உயிர் காலேஜ், பதினாலு மாடி எல்.ஐ.சி. இந்த மூன்றையும் பார்க்காமல் திரும்பியவன் மெட்ராஸுக்கே போகவில்லை என்று அர்த்தம். எல்.ஐ.சி.யை அண்ணாந்து பார்த்தால் தலைத் தொப்பி பின்னால் விழும் என்பார்கள். தொப்பி போடாத நம்மவர்களுக்குத் தோள் துண்டு விழுந்தது. சினிமாவிலும் கதாநாயகன் சென்ட்ரலில் இறங்கினால் அடுத்த ஷாட் எல்.ஐ.சி.தான். நம் கல்லூரியில் படித்த மூத்த செட் நண்பர்கள் எல்லோருக்கும் இது தெரியும். இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு அது அண்ணா சாலையில் ஒரு பழைய கட்டடம், அவ்வளவுதான்.

அடி அண்ணாமலைக்காரர்களுக்கு இதில் ஒரு குறும்பும் உண்டு. எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. நம் ராஜகோபுரம் 217 அடி, பதினோரு நிலை. சரியாக நாற்பது அடி குறைச்சல்! பிறந்தது முதல் கோபுரத்தையும், அதற்கு மேல் 2668 அடி மலையையும் பார்த்து வளர்ந்தவனுக்கு மவுண்ட் ரோட்டில் கழுத்து வலிக்க என்ன நியாயம்? ஒரு நியாயம் இருக்கிறது. கோபுரத்தின் மேல் நிலைகளில் யாரும் ஃபேன் போட்டுக்கொண்டு ஃபைல் பார்ப்பதில்லை. எல்.ஐ.சி.யில் பார்க்கிறார்கள். உயரம் ஒன்றுதான். அந்த உயரத்தில் காலை பத்து மணிக்கு ஆட்களை ஏற்றி, சாயங்காலம் பத்திரமாக இறக்க வேண்டும் என்கிறபோது விஷயமே வேறாகி விடுகிறது.

அந்தப் பதினாலு மாடியை நினைத்துத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். கட்டடத்தைத் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவேதான் இந்த மலரில் அவரைப் பற்றி.

1908 ஆகஸ்ட் 2-ம் தேதி பிறந்தவர். செட்டிநாட்டு நகரத்தார் குடும்பம். தந்தை சர் எம்.சிடி. முத்தையா செட்டியார். பெயருக்கு முன்னால் நிற்கும் கடைசி 'எம்' தந்தையின் முத்தையா. அதற்கு முன்னால் இருப்பவை குடும்பத்துப் பெரியவர்களின் பெயர்கள். நகரத்தார் வழக்கில் இதை விலாசம் என்பார்கள். விலாசத்தைச் சொன்னாலே பர்மாவிலும் மலாயாவிலும் எந்தக் கடை, எவ்வளவு நாணயம் என்று தெரிந்துவிடுமாம். நகரத்தார் நமக்கும் அந்நியர் அல்லர். அண்ணாமலையார் கோயில் திருப்பணிகளில் அவர்கள் பங்கு என்ன என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1929-ல் தந்தை காலமானார். சிதம்பரம் செட்டியாருக்கு அப்போது வயது இருபத்தொன்று. நம்மில் பலர் டிகிரியை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று முழிக்கிற வயசு. அந்த வயதில் இன்ஷூரன்ஸ், வட்டிக்கடை, கடல் கடந்த சொத்துக்கள் எல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தன. காலமும் மோசம். உலகம் முழுக்க வியாபார மந்தம். பர்மாவில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பித் தர முடியவில்லை. பணமாக வரவேண்டியது நிலமாக வந்து சேர்ந்தது. நிலத்தைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்கு வர முடியுமா? பழைய லேவாதேவி முறைக்கு இனி ஆயுள் இல்லை என்று புரிந்துகொண்ட நகரத்தார்களில் இவர் ஒருவர். பரம்பரைத் தொழிலை அப்படியே பிடித்துக்கொண்டு உட்காராமல் கம்பெனிச் சட்டம், பேங்க், பங்கு என்று நவீன பாதைக்கு வந்தார்.

அதில் பெரியது இந்தியன் ஓவர்சீஸ் பேங்க். 1937 பிப்ரவரி 10-ம் தேதி ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவைத் திறந்தது: காரைக்குடி, சென்னை, ரங்கூன். இந்த மூன்று ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே அவர் கணக்கு விளங்கிவிடும். சொந்த ஊர்ப் பணம், தலைநகர் வியாபாரம், கடல் தாண்டிய தொழில். பெயரிலேயே ஓவர்சீஸ். அந்நியச் செலாவணி வியாபாரத்தை வெள்ளைக்கார பேங்குகளே தங்கள் சொத்தாக வைத்திருந்த நாளில் ஒரு இருபத்தெட்டு வயது ஆள் அதில் நுழைந்தார். ரங்கூனில் கிளை திறந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 1-ம் தேதி பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்துவிட்டார்கள். 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். சிங்கப்பூர், ரங்கூன் எல்லாம் அடுத்தடுத்து விழுந்தன. இத்தனையையும் தாண்டி பேங்க் நின்றது.

மறு வருஷமே, 1938-ல், யுனைடெட் இந்தியா ஃபயர் அண்ட் ஜெனரல் இன்ஷூரன்ஸ். யுனைடெட் இந்தியா லைஃப் என்கிற ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி 1906-லிருந்தே இருந்தது. இது அதற்குத் தங்கை மாதிரி. பெயரில் 'ஃபயர்' இருப்பதைக் கவனியுங்கள். தீ இன்ஷூரன்ஸ்காரன் கட்டடத்தைப் பார்க்கிற பார்வை மற்றவர்கள் பார்வை மாதிரி இருக்காது. நாம் ஒரு கட்டடத்தைப் பார்த்தால் அழகு, வாடகை, வாஸ்து பார்ப்போம். அவன், இது பற்றிக்கொண்டால் எங்கே தொடங்கும், எது வரை போகும், தண்ணீர் எங்கிருந்து வரும், வண்டி எந்தப் பக்கம் நிற்கும் என்று பார்ப்பான். பிரீமியம் கணக்கே அதில்தான் இருக்கிறது.

இடையில் கேரளத்தில் பெரும்பாவூர் பக்கம் டிராவன்கூர் ரேயான்ஸ் தொடங்கினார். இந்தியாவில் செயற்கைப் பட்டு நூல் தயாரித்த முதல் ஆலை அது. புரசைவாக்கத்தில் அவர் தந்தை பெயரில் ஓங்கி நிற்கும் பள்ளியை நம் மாணவர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். மயிலாப்பூரில் இவர் பெயரிலேயே பள்ளி இருக்கிறது.

இனி கட்டடத்துக்கு வருவோம். 1950-களின் தொடக்கம். தன் இன்ஷூரன்ஸ் தொழிலுக்கு மவுண்ட் ரோட்டில் ஒரு தலைமை அலுவலகம் வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததுதான் நினைத்தார், நாட்டிலேயே உயரமாக நினைத்தார். அன்றைய சென்னையில் உயரம் என்றால் ஹைகோர்ட் வளாகத்து லைட் ஹவுஸ் கோபுரம், 175 அடி. மற்றதெல்லாம் செங்கல், சுண்ணாம்பு, மெட்ராஸ் டெரஸ், இரண்டு மாடி மூன்று மாடி. சுவரே பாரத்தைத் தாங்கும் அந்த முறையில் பதினாலு மாடி போனால் கீழ்த்தளம் முழுக்கச் சுவராகவே இருக்கும், ஆள் உட்கார இடம் இருக்காது. காங்கிரீட் தூண் போட்டுச் சட்டகமாகத் தூக்கினால்தான் முடியும். லண்டனிலிருந்து பிரவுன், மூலின் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களை அமர்த்தினார். முதல் திட்டம் பதினெட்டு மாடி. 1953-ல் வேலை ஆரம்பம்.

இங்கே ஒரு வேடிக்கை. அந்த இருவரின் சொந்த ஊரான லண்டனில் அப்படிச் சுலபமாகக் கட்ட முடியாது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் குயின் ஆன்ஸ் மேன்ஷன்ஸ் என்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு பன்னிரண்டு, பதினாலு மாடிக்கு எழும்பி ஊரே முகம் சுளித்தது. அதன் பிறகு வந்த 1894-ம் வருஷத்துச் சட்டம் கட்டடத்துக்கு 80 அடி என்று கோடு போட்டது. கூரைக்குள் இரண்டு தளம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் தனி அனுமதி. வெளிச்சம், காற்று என்று பல காரணம் சொன்னாலும் தீயணைப்பு ஏணி எட்டுகிற உயரம் அதில் முக்கியம். ஏணி எட்டாத இடத்தில் ஆட்களை உட்கார வைக்காதே என்கிற எளிய கணக்கு. சென்னையில் அப்படி ஒரு நெருக்கடி இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றும்படி உயரமாக யாரும் கட்டியிருக்கவில்லையே! இந்தியாவின் தேசிய கட்டட விதித்தொகுப்பே 1970-ல்தான் வந்தது.

அஸ்திவார வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. 1954 மார்ச் 13. சிட்னியிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட பி.ஓ.ஏ.சி. கம்பெனியின் கான்ஸ்டலேஷன் விமானம் சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் பிற்பகலில் இறங்கியது. ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னாலேயே தாழ்ந்து, கரைச் சுவரில் இடித்தது. இறக்கை பிய்ந்து, விமானம் கவிழ்ந்து, தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் நாற்பது பேர். அதில் பயணிகள் 31 பேரும், பணியாளர் இருவரும் இறந்தார்கள். சிதம்பரம் செட்டியார் அந்தப் பயணிகளில் ஒருவர். வயது நாற்பத்தைந்து.

இந்த விபத்தில் மனசை அறுப்பது ஒன்று உண்டு. அது நடுக்கடலில் விழவில்லை. விமான நிலையத்துக்குள்ளேயே, தீயணைப்பு வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது. உதவி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் கவிழ்ந்து கிடந்த விமானத்தின் கதவுகள் திறக்கவில்லை, உடலை அறுத்து வழி உண்டாக்க உரிய நேரத்தில் முடியவில்லை. விசாரணை நடந்தது. நீண்ட நேரம் ஓய்வில்லாமல் பணியில் இருந்த விமானியின் களைப்பைச் சொன்னதோடு, விமான நிலையத்தின் தீயணைப்பு, மீட்பு ஏற்பாடுகளின் குறைகளையும் அது கண்டித்தது. தீ இன்ஷூரன்ஸ் கம்பெனி தொடங்கியவர், நாட்டின் உயரமான அலுவலகத்துக்கு அஸ்திவாரம் போட்டவர், உள்ளே போக வழியில்லாத ஒரு தீயில் போனார்.

அவர் போன பிறகு கட்டடத்தின் கதை கொஞ்சம் தடுமாறியது. 1956 ஜனவரியில் அரசாங்கம் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலை எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 1-ம் தேதி 245 நிறுவனங்களைச் சேர்த்து எல்.ஐ.சி. பிறந்தது. யுனைடெட் இந்தியா லைஃபும் அதில் கரைந்தது, பாதி எழும்பிய கட்டடமும் கூடவே போனது. லண்டன்காரர்கள் நடுவில் விலகினார்கள். சென்னையின் எல்.எம். சித்தாலே பொறுப்பேற்றார். கோரமண்டல் இன்ஜினியரிங் கம்பெனி கட்டியது. பதினெட்டு பதினாலாகக் குறைந்தது. செலவு 87 லட்சம் ரூபாய். 1959 ஆகஸ்ட் 23-ம் தேதி மத்திய நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். நாட்டிலேயே உயரமான கட்டடம் என்ற பெருமை இரண்டு வருஷம்தான். பம்பாயில் 'உஷா கிரண்' 25 மாடிக்கு எழும்பி அதைத் தட்டிக்கொண்டு போனது. ஆனால் சென்னையில் அதன் ராஜ்யம் முப்பது வருஷத்துக்கு மேல் அசையவில்லை.

பதினாறு வருஷம் கழித்து, 1975 ஜூலையில், அந்தக் கட்டடம் பற்றி எரிந்தது. உள்ளே பெரும் சேதம். காங்கிரீட் சட்டகம் மட்டும் கரிந்து நின்றது. செப்பனிட்டு மறுபடி அலுவலகமாக்கினார்கள். இன்று நாம் பார்ப்பது தீயில் குளித்து எழுந்த கட்டடம்.

உயரமான அலுவலகம் ஏன் இப்படி எரிகிறது என்பதை இன்ஜினியரிங் படிக்காதவர்களும் தெரிந்துகொள்ளலாம். அலுவலகம் என்றாலே காகிதம், மரத் தடுப்பு, திரை, கார்ப்பெட், ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஓடும் ஒயர். தீ மேலே போகத் துடிக்கும். மாடிப்படி, லிஃப்ட் குழி, ஏ.சி. குழாய், ஒயர் போகும் துவாரம் எல்லாம் அதற்குப் புகைபோக்கி. தீ தொடுவதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். வெளியிலிருந்து உதவலாம் என்றால் சாதாரண தீயணைப்பு வண்டியின் மேலிருக்கும் நீட்டு ஏணி மூன்று நான்கு மாடிக்குத்தான் எட்டும். பெரிய ஏணி வண்டி வந்தாலும் அது காலை அகட்டி ஊன்றி நிற்க அகலமான, கனம் தாங்குகிற தரை வேண்டும். தரையில் இடமில்லையென்றால் எவ்வளவு நீள ஏணி வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

எல்.ஐ.சி. தீக்கு முந்தைய வருஷம், 1974 பிப்ரவரி 1-ம் தேதி, பிரேசில் நாட்டு சாவ் பாலோ நகரில் ஜோயெல்மா என்ற 25 மாடி அலுவலகக் கட்டடம் எரிந்தது. ஒரு ஏ.சி. மெஷினில் தொடங்கிய தீ. இறங்குவதற்கு ஒரே ஒரு மாடிப்படி. புகை அதை அடைத்துவிட்டது. ஏணி மேல் மாடிகளை எட்டவில்லை. ஹெலிகாப்டர் வரும் என்று மொட்டை மாடிக்கு ஓடியவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். 170 பேருக்கு மேல் செத்தார்கள். உலகம் முழுக்க கட்டட விதி எழுதுகிறவர்கள் தூக்கத்தைக் கெடுத்த தீ அது.

நம் மாநிலத்தில் அடுக்குமாடி மற்றும் பொதுக் கட்டட விதிகள் 1973-ல் வந்தன. தேசிய விதித்தொகுப்பு 15 மீட்டரை ஒரு கோடாக வைத்தது. அதற்கு மேல் போனால் கட்டடம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். எதிரெதிரே இரண்டு மாடிப்படி, ஒவ்வொரு மாடிக்கும் தண்ணீர் ஏற்றும் குழாய், தனி பம்பு, வீரர்கள் பயன்படுத்த ஒரு லிஃப்ட், உயரம் கூடினால் நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு தளம். வெளியே வண்டி சுற்றி வர குறைந்தது ஆறு மீட்டர் திறந்த இடம். வாசலில் ஆர்ச் கட்டினால்கூட அதன் அடியில் 4.5 மீட்டர் இடைவெளி, வண்டி நுழைய. தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். 30 மீட்டர் வரை சுற்றிலும் 7 மீட்டர் காலி இடம் விட வேண்டும், உயரம் கூடக்கூட அதுவும் கூடும்.

இந்த ஏழு மீட்டர்தான் நம்மவர்களுக்கு வயிற்றெரிச்சல். கிரவுண்டு என்ன விலை விற்கிறது, சும்மா விடச் சொல்கிறார்களே என்று. பிளானில் விட்டிருப்போம். அப்ரூவல் வந்த மறுமாசம் அங்கே ஜெனரேட்டர் உட்காரும், அப்புறம் பைக் ஷெட், அப்புறம் கேன்டீன். இரண்டாவது மாடிப்படியில் பழைய நாற்காலிகளை அடுக்கி, கீழே பூட்டு போட்டு, சாவி மேனேஜர் பையில். அவர் லீவு. 2017 மே 31-ம் தேதி தியாகராய நகரில் பெரிய துணிக்கடைக் கட்டடம் ஒன்று எரிந்து, கட்டடத்தையே இடிக்க வேண்டி வந்தது. வண்டிகள் நெருங்கவும் உள்ளே நுழையவும் பட்ட பாட்டை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம்.

மெட்ராஸ் கதை நமக்கெதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரைக்கும், அதற்கு அப்பாலும் என்னென்ன கட்டடம் எழும்பியிருக்கிறது என்று நடந்துபோகிறவர்களுக்குத் தெரியும். சங்கத்து நண்பர்கள் சிலரே கட்டியிருக்கிறார்கள், சந்தோஷம்தான். பௌர்ணமி ராத்திரியில் லட்சக்கணக்கான ஜனம் நகர்கிற ரோட்டில், ஒரு சந்துக்குள் இருக்கிற நான்கு மாடி லாட்ஜுக்குத் தீயணைப்பு வண்டி எந்த வழியாக வரும் என்று கட்டும்போதே ஒரு தடவை யோசித்திருப்போமா? 2024 டிசம்பர் 1-ம் தேதி வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் ஏழு பேர் மேல் விழுந்தபோது, பெரிய இயந்திரங்கள் ஏறிப்போக வழியில்லாத குறுகல் பாதையில் மீட்புக்காரர்கள் கையால் மண்ணை வாரியதை மறந்திருக்க மாட்டோம். அது தீ இல்லை, உயரமான கட்டடமும் இல்லை. வழி இல்லாமை மட்டும் ஒன்றுதான். இப்போது படிக்கிற பிள்ளைகள் நாளைக்கு ஓ.எம்.ஆர். ரோட்டில் கண்ணாடிக் கட்டடத்தில் எட்டாவது மாடியில் உட்காரப் போகிறவர்கள். வேலைக்குச் சேருகிற அன்றைக்கு கேன்டீன் எங்கே என்று கேட்பதோடு, இரண்டாவது மாடிப்படி எங்கே என்று கேட்டு, ஒரு தடவை அதில் இறங்கியும் பார்த்துவிடுங்கள்.

செட்டியாரின் பேங்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் பிற்பாடு அரசாங்கத்தின் கைக்குப் போயின. ஆயுள் இன்ஷூரன்ஸ் 1956-ல் போனது. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் 1969 ஜூலையில் நாட்டுடைமையானது. 1973-ல் பொது இன்ஷூரன்ஸை நான்கு கம்பெனிகளாக அரசு பிரித்து அமைத்தபோது, அவற்றில் ஒன்று அவர் தொடங்கிய யுனைடெட் இந்தியா. தலைமையகம் இன்றும் சென்னைதான். பெயரிலிருந்த 'ஃபயர்' உதிர்ந்துவிட்டது, தீ பாலிசி மட்டும் இன்னும் கொடுக்கிறார்கள்.

2023 ஏப்ரல் 2-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எல்.ஐ.சி. கட்டடத்து மொட்டை மாடியில் மறுபடியும் தீ. மவுண்ட் ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்தி, பழையபடி அண்ணாந்து பார்த்தார்கள். எரிந்தது உச்சியில் இருந்த பெயர்ப் பலகை. லீவு நாள், உள்ளே அலுவலகம் இல்லை. தீயணைப்புப் படையினர் வந்து அன்றைக்கே அணைத்தார்கள். மாடிகளுக்குள் தீ இறங்கவில்லை, யாருக்கும் காயமில்லை.